ஆறு பேர், நான்கு பாட்டில்: வீட்டில் ஒயினை ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஆறு பேர். குற்றாலம் சீசனுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு ஒயின் பாட்டிலோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, எது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. யாருக்கும் ஒயின் பற்றிப் பெரிதாகத் தெரியாது. "எதை வாங்குவது, எப்படிப் பரிமாறுவது, கூட என்ன சாப்பிடுவது, கடைசியில் எது நல்ல ஒயின் என்று எப்படிச் சொல்வது அண்ணாச்சி?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு பாட்டில் வேண்டாம், நான்கு போதும். பழகாத நாக்குக்கு ஐந்தாவது ஒயினிலிருந்து எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆளுக்கொன்று கொண்டுவருவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒருவர் ரோஸே என்ற இளஞ்சிவப்பு இனிப்பு ஒயின் வாங்கி வருவார், இன்னொருவர் கேபர்னே என்ற சிவப்பு ஒயின், மூன்றாமவர் நுரை ஒயின். மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் வாழைப்பழத்தையும் வரிசையாக வைத்து எது நல்லது என்று கேட்பதுபோல ஆகிவிடும். பிடித்தது, பிடிக்காதது என்பதற்கு மேல் பேச்சு நகராது. பணத்தைப் பொதுவில் போட்டு ஒருவரே நான்கையும் வாங்கட்டும்.

நான்கையும் ஒரே திராட்சையில் வாங்குங்கள். சிவப்பு என்றால் ஷிராஸ், வெள்ளை என்றால் சாவிஞான் பிளாங்க் அல்லது செனின் பிளாங்க். இந்த மூன்றும் நம் நாட்டிலேயே நன்றாக வருகின்றன. நாசிக் பக்கம் சுலா, சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் ஃப்ராடெல்லி, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் என்று தோட்டங்கள் பல. மூன்று தயாரிப்பாளர்களின் ஷிராஸ் மூன்று, வெளிநாட்டு ஷிராஸ் ஒன்று என்று வைத்தால் அருமையான வரிசை. திராட்சை ஒன்றே என்பதால், மாறுவது மண்ணும் வெயிலும் செய்தவர் கையும் மட்டும்தான். அந்த வித்தியாசம் நாக்கில் தட்டுப்படும்போதுதான் ஒப்பிடுவதன் ருசியே பிடிபடும். எங்கள் ஊரில் உடன்குடிக் கருப்பட்டியையும் வேம்பார்க் கருப்பட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதே வேலைதான் இது.

வாங்கும்போது இரண்டே விஷயம் பாருங்கள். பாட்டில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் வேண்டாம். நம் பக்கத்துச் சூட்டில் அது வெந்துபோயிருக்கும். வெள்ளை ஒயின் என்றால் ஆண்டைப் பாருங்கள், அதிகம் போனால் இரண்டு வருடம். இந்தியாவில் ஒயின் திராட்சையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுவார்கள், ஐரோப்பாவைப்போல இலையுதிர் காலத்தில் அல்ல. அதனால் அந்த ஆண்டு வெள்ளை ஒயின் அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே கடைக்கு வந்துவிடலாம். திருகு மூடி போட்ட பாட்டிலைப் பார்த்து மட்டம் என்று நினைக்காதீர்கள். நம் சூட்டுக்குக் கார்க்கைவிட அதுவே எனக்குப் பிடிக்கும்.

வெந்துபோன பாட்டில் எப்படியிருக்கும் என்பதை நான் என் தப்பால் கற்றுக்கொண்டேன். ஒரு மே மாதம், பாட்டிலைக் கார் டிக்கியில் வைத்துவிட்டுத் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கார்க் அரை விரல் மேலே எழும்பி, கழுத்தில் பிசுபிசுப்பு. வீட்டில் திறந்தபோது, கொதிக்கவைத்த உலர்திராட்சைத் தண்ணீர் மாதிரி ஒரு மணம். புளிப்பும் இல்லை, பழமும் இல்லை. முழு பாட்டிலும் வீண். ஆக, வாங்கியதும் நேரே வீடு, நேரே ஃப்ரிட்ஜ்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் பாதி ஒயின் இதனால்தான் கெட்ட பெயர் வாங்குகிறது. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீட்டு அறை, பதினாறு பதினெட்டு டிகிரி. பாளையங்கோட்டையில் மே மாதப் பகல் 38 டிகிரியைத் தொடும், ஆடிக் காற்றிலும் ஹால் முப்பதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முப்பது டிகிரியில் சிவப்பு ஒயினை ஊற்றினால் சாராய நெடி முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். பரிமாறுவதற்கு முன் சிவப்பை முக்கால் மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, அதனால் மூன்று மணி நேரம். நேரம் இல்லாவிட்டால் ஒரு வாளியில் பாதித் தண்ணீர், பாதி ஐஸ், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை முக்கினால் கால் மணி நேரத்தில் வெள்ளை ஒயின் தயார். வெறும் ஐஸைவிடத் தண்ணீரோடு சேர்ந்த ஐஸ்தான் பாட்டிலைச் சீக்கிரம் குளிர்விக்கும், ஏனென்றால் தண்ணீர் பாட்டிலின் எல்லாப் பக்கமும் ஒட்டி நிற்கிறது. ஒயினுக்குள் ஐஸ் போடாதீர்கள். ஒப்பிட வந்திருக்கும் நாளில் தண்ணீர் கலந்துவிட்டால் கதை முடிந்தது.

இடம் எது? மொட்டை மாடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் சாரல் காற்றில் மாடி பிடிக்கும். ஆனால் அந்தக் காற்று வாசனையை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும். தலைக்கு மேல் ஃபேன் சுற்றினாலும் அதே கதைதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. சுவைக்கும் முக்கால் மணி நேரம் ஹாலில் ஃபேனைக் குறைத்துவிட்டு உட்காருங்கள், அப்புறம் மாடிக்குப் போகலாம். அந்த நேரத்துக்கு ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட் எதுவும் வேண்டாம். வீட்டுப் பெண்கள் தலையில் மல்லிகை இருந்தால் அதையும் கொஞ்ச நேரம் சாமி படத்துக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள். அடுப்பில் தாளிப்பு கூடவே கூடாது.

கிளாஸ் விஷயத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம். நடு அகன்று வாய் குறுகிய கிளாஸ் நல்லது, அது வாசனையைப் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் டீக்கடை கண்ணாடி கிளாஸே போதும். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் பலகை வாடையும் சோப்பு வாடையும் ஒட்டியிருக்கும், வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது.

ஆளுக்கு 60 மில்லி. 750 மில்லி பாட்டிலில் ஆறு பேருக்கு 360 போனபின் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும், இரண்டாம் சுற்றுக்கு அது வேண்டும். முடிந்தால் ஒருவருக்கு நான்கு கிளாஸ் ஏற்பாடு செய்யுங்கள். 24 கிளாஸ் இல்லையென்றால் இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். ஒன்றைக் குடித்து முடித்துக் கழுவி அடுத்ததை ஊற்றினால், நீங்கள் ஒப்பிடுவது ஒயினோடு அல்ல, பத்து நிமிஷத்துக்கு முந்தைய ஞாபகத்தோடு. பக்கத்தில் பக்கத்தில் இருந்து, முன்னும் பின்னும் போய்வந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

பாட்டிலை மறைத்து வைப்பது அவசியம். செய்தித்தாளைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். கழுத்தின் வண்ணத் தாளையும் மூடுங்கள், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். 2008-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள், மூளையில் இன்பத்தைப் பதிவுசெய்யும் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கூடுதலாக ருசித்திருக்கிறது. நம்மில் யாரும் அதற்கு விதிவிலக்கு இல்லை. மறைப்பதால் நண்பர் வாங்கிவந்த பாட்டிலைக் குறை சொல்ல வேண்டிய சங்கடமும் போய்விடும்.

விலையைப்போலவே ஏமாற்றுவது இன்னொன்று உண்டு, கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவர். நம் ஊரில் வயதில் மூத்தவர் ஒருவர் "இது நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் நாக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மரியாதையால் மட்டுமல்ல, காதில் விழுந்த சொல்லைத்தான் நாக்கு தேடும். அதனால் ஆளுக்கொரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுங்கள். முதல் சுற்று முழுக்கப் பேச்சு கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று வரி, கடைசியில் பிடித்த வரிசை. எல்லோரும் எழுதி முடித்தபின்தான் பேச்சு.

என்ன எழுதுவது என்றுதான் எல்லோரும் திகைப்பார்கள். ஒயின் பேச்சு என்றாலே பிளாக்பெர்ரி, கூஸ்பெர்ரி, பிளம் என்று நாம் தின்றே பார்க்காத பழங்களின் பட்டியலாக இருக்கிறது. அதையெல்லாம் தூர வைத்துவிடுங்கள். ஒயினை விவரிக்க நம்மிடம் இருக்கும் சொல்வளம் அபாரமானது, இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன். துவர்ப்பு என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். சிவப்பு ஒயினின் உயிரே துவர்ப்புதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து திரள்கிறது. வாயின் வழவழப்பு போய், நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கிறது. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொண்டு தடுமாறுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நமக்கோ வாழைப்பூவும் பாக்கும் கடுக்காயும் நெல்லிக்காயும் குழந்தையிலிருந்தே அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. முதல் முறை வந்தபோது "எனக்கு இதெல்லாம் தெரியாது வே" என்று ஒதுங்கியே உட்கார்ந்தார். இரண்டாம் எண் கிளாஸை எடுத்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தடவை ஒட்டி எடுத்தார். தாளில் எழுதியதை அப்புறம் வாசித்தோம்: "இரண்டு, கடுக்காய். நான்கு, கொட்டைப்பாக்கு, ஆனால் ஊறவைத்தது." அவ்வளவுதான். பாட்டிலைப் பிரித்தால் இரண்டும் ஒரே தோட்டத்து ஷிராஸ், நான்காவது இரண்டு வருடம் மூத்தது. வயதாக ஆகத் துவர்ப்பு மழுங்கும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஊறிய பாக்கு என்ற இரண்டு சொல்லில் அவர் அதைப் பிடித்துவிட்டார்.

வாசனைக்கும் அப்படித்தான், நம் வீட்டிலும் தெருவிலும் தேடுங்கள். ஷிராஸில் மிளகு மணம் வருகிறதென்றால் அது கற்பனை அல்ல. மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் ஷிராஸிலும் இருக்கிறது என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் பிறந்த மூக்குக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, நூறில் இருபது பேர் அளவுக்கு அந்த மணமே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். "எனக்கு மிளகு வரலையே" என்று ஒருவர் சொன்னால் அவரை மடக்க வேண்டாம், அவருக்கு நிஜமாகவே வரவில்லை. சாவிஞான் பிளாங்க்கில் பச்சைக் குடைமிளகாயும் பழுத்த கொய்யாவும் வரும். ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் கிராம்பும் வெனிலாவும், அமெரிக்க ஓக் என்றால் தேங்காயும் தெரியும். கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் குடும்பம். மஸ்கட் ஒயினில் இருக்கும் பூ மணத்துக்குக் காரணமான லினலூல் மல்லிகையிலும் உண்டு.

நல்ல மணம் மட்டும் அல்ல, கெட்டதையும் எழுதுங்கள். நனைந்த சாக்கு, மழையில் ஊறிய அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவம், காடி நெடி என்றால் புளித்துப்போக ஆரம்பித்திருக்கிறது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை என்றால் காற்று புகுந்துவிட்டது. இதில் எதையும் மரியாதைக்காகக் குடிக்க வேண்டாம்.

சுவைக்கும் முறை ஒரு நிமிஷ வேலை. வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறம் பாருங்கள், ஆனால் நிறத்தை நம்பி முடிவு எடுக்காதீர்கள். பிரான்ஸின் போர்தோவில் 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை விவரித்தார்கள். அந்த ஆய்வு 2001-இல் வந்தது. அப்புறம் கிளாஸைச் சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை மோந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து வாய் முழுக்க உருட்டி, உதட்டை மூடி, மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மணம் மேலே ஏறுவது தெரியும். விழுங்கியபின் எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நல்ல ஒயின் எது என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இந்த எண்ணிக்கைதான். சாதாரண ஒயின் நாலைந்து எண்ணுவதற்குள் போய்விடும். நல்லது இருபது எண்ணினாலும் நிற்கும், நிற்கும்போதே மாறவும் செய்யும்.

துப்புவது பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பேர் முன்னால் துப்புவது நமக்குக் கூச்சம், எச்சில் என்றால் முகம் சுளிப்போம். ஆனால் வெற்றிலைப் படிக்கம் வைத்த வீடுகள்தானே நம்முடையது. ஆளுக்கொரு மூடி போட்ட மக் கொடுத்துவிடுங்கள். நான்கு ஒயினும் 60 மில்லி, இரண்டாம் சுற்றில் 30 மில்லி என்றால் மொத்தம் 360 மில்லி. 13 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 47 மில்லி ஆல்கஹால், 42.8 சதவீத பிராந்தியில் இரண்டு லார்ஜுக்குச் சற்றுக் குறைவு. "ஒயின்தானே" என்று பைக் சாவியை எடுக்கும் அளவு அல்ல அது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். எல்லோருக்கும் ஆட்டோவை முன்னமே பேசிவைத்துவிடுங்கள். 21 வயது ஆகாத தம்பிமார் யாரும் அந்த ஹாலில் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். சுவைக்கும்போது வெறும் பொரி, உப்பில்லாத ரொட்டி, தண்ணீர், வேறொன்றும் கூடாது. இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு முறை யாருக்கும் சொல்லாமல் ஒரே ஒயினை 1 என்றும் 3 என்றும் இரண்டு இடத்தில் வைத்தேன். ஆறில் நான்கு பேர் மூன்றாவது கடுமையாக, காரமாக இருக்கிறது என்று எழுதினார்கள். காரணம் தேடினால், இரண்டாவது கிளாஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே காரச்சேவுத் தட்டு ஒரு சுற்று வந்திருக்கிறது. மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரே ஒயினை இரண்டு எண்ணில் ஒளித்துவைக்கும் இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். உங்கள் கூட்டத்தின் நாக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்று அப்போது தெரியும்.

எண்களைப் பிரித்து, சத்தம் எல்லாம் அடங்கியபின் சாப்பாடு. எங்கள் ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் சொதி. மறுவீட்டு மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கும் அதே தேங்காய்ப்பால் சொதி, பாசிப்பருப்பும் காய்களும் எலுமிச்சையும் சேர்ந்தது. காரம் அடங்கி, பால் இனிப்பும் லேசான புளிப்புமாக இருப்பதால் செனின் பிளாங்க் அதோடு கைகோத்துக்கொண்டு போகும். இஞ்சிப் பச்சடியை மட்டும் தள்ளி வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள். செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் பரோட்டாவும் மிளகு போட்ட நாட்டுக்கோழியும் என்றால் ஷிராஸை எடுங்கள், மிளகோடு மிளகு சேரும்.

அல்வாவை எதனோடு சாப்பிடுவது என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். இனிப்பில்லாத சிவப்போடு மட்டும் வேண்டாம். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யுமாக வாயில் வழுக்கும் அல்வாவுக்குப் பின் அந்த ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும். தின்பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். கொடியிலேயே கூடுதலாகப் பழுக்கவிட்டுச் செய்யும் இனிப்பு செனின் பிளாங்க் கிடைத்தால், சிறிய துண்டு அல்வாவோடு ஒரு முடக்கு வைத்துப் பாருங்கள். அதற்கும் அல்வாதான் ஜெயிக்கும், ஆனால் ஒயினின் புளிப்பு நெய்யை நாக்கிலிருந்து வழித்து எடுத்துவிட்டு, அடுத்த துண்டைக் கேட்கும். கிடைக்காவிட்டால் அல்வாவைத் தனியாகச் சாப்பிடுங்கள், அதற்குத் துணை தேவையில்லை.

மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் சிறிய பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். மறுநாள் சாயங்காலம், ஊரில் இருப்பவர் யாரோ அவரை மட்டும் கூப்பிட்டு, முந்தைய நாள் தாளையும் எடுத்துவைத்து இன்னொரு முறை சுவையுங்கள். முதல் நாள் கடுக்காய் என்று எழுதிய பாட்டில்தான் பெரும்பாலும் மறுநாள் முன்னுக்கு வந்து நிற்கும்.